ஒன்பது கடிகாரமும் ஒரு மொய் நோட்டும்: புற்றுநோய் ஆராய்ச்சிப் பணத்தை பிரிட்டன் ஒழுங்குபடுத்திய கதை

கல்யாணம் முடிந்த மறுநாள் பரிசுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கும் வேடிக்கை எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்பது சுவர்க்கடிகாரம் இருக்கும். ஐந்து டின்னர் செட் இருக்கும். தனிக்குடித்தனம் போனதும் முதல் நாளே தேவைப்படும் குக்கர் ஒன்றுகூட இருக்காது. கொடுத்தவர்களில் யாரும் கஞ்சர் இல்லை, யாருக்கும் மனம் குறைவில்லை. அடுத்தவர் என்ன வாங்கினார் என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு நாடு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போதும் இதே கோளாறு நேரும். பணம் போதுமா என்ற கேள்வியைத்தான் செய்தித்தாள்கள் கேட்கின்றன. யார் எதற்குக் கொடுக்கிறார்கள், எது விட்டுப்போகிறது என்ற கேள்வி அதற்கு இணையாக முக்கியமானது. ஆனால் சுவாரசியம் குறைந்தது, தலைப்புச் செய்திக்கு உதவாது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே 2001-இல் பிரிட்டன் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற ஓர் அமைப்பை உருவாக்கியது. அது 22 ஆண்டுகள் இயங்கி, 2023-இல் மூடப்பட்டது. ஆராய்ச்சியை ‘ஒருங்கிணைப்பது’ என்றால் நடைமுறையில் என்ன வேலை என்பதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் இது கொஞ்சம் எளிது. அங்கே 1937-இலேயே தேசியப் புற்றுநோய் நிறுவனம் சட்டம் இயற்றி அமைக்கப்பட்டது. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் அதற்குப் பெரிய நிதியும் தனி அதிகாரமும் கொடுத்தது. அரசின் பெரிய பெட்டி ஒன்று. அதைச் சுற்றித்தான் மற்றவை. பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே புற்றுநோய் ஆராய்ச்சியின் பெரும் சுமையைத் தொண்டு நிறுவனங்கள் சுமந்தன. 1902-இல் தொடங்கிய இம்பீரியல் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் ஒன்று. 1923-இல் தொடங்கி, பின்னாளில் புற்றுநோய் ஆராய்ச்சி இயக்கம் என்று பெயர் மாறியது இன்னொன்று. இவை தவிர ரத்தப் புற்றுநோய்க்கு, மார்பகப் புற்றுநோய்க்கு என்று தனித்தனி அறக்கட்டளைகள். அரசு தரப்பில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சுகாதாரத் துறைகள். இன்னொரு பக்கம் மருந்து கம்பெனிகள்.

தொண்டு நிறுவனம் என்றதும் உண்டியல் குலுக்கும் சிறு கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய துணியும் புத்தகமும் விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. பெண்கள் ஓடி நிதி திரட்டும் ஓட்டம் ஒன்று 1994-இல் லண்டனின் பேட்டர்சீ பூங்காவில் 680 பேருடன் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது. இவற்றையெல்லாம் விடப் பெரிய வரவு உயில். வாரிசுக்கு வீட்டையும், வங்கி இருப்பில் ஒரு பங்கைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் எழுதிவைப்பது அந்த நாட்டில் சாதாரண வழக்கம். இன்றைய மிகப் பெரிய தொண்டு நிறுவனமான கேன்சர் ரிசர்ச் யூகேவுக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி இறந்தவர்கள் விட்டுச்சென்றதுதான். தன் ஆராய்ச்சிக்கு அது அரசிடம் பணம் வாங்குவதில்லை.

இவ்வளவு பெட்டிகள் இருந்தும் தொண்ணூறுகளின் இறுதியில் பிரிட்டனுக்கு ஒரு சங்கடம் வந்தது. ஐரோப்பிய நாடுகளில் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றில் பல வகைப் புற்றுநோய்களில் பிரிட்டன் பின்தங்கி நின்றது. இத்தனைக்கும் உலகத் தரமான ஆய்வகங்கள் அங்கே இருந்தன. ஆய்வகத்தில் கண்டுபிடித்தது படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை. 2000 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவையின் அறிவியல் தொழில்நுட்பக் குழு இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அரசு தன் பங்குக்குக் கொடுப்பது குறைவு, கொடுப்பவர்கள் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அரசின் புற்றுநோய்த் திட்டம் வெளியானது. 2001 ஏப்ரலில் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக என்சிஆர்ஐ, பிறந்தது.

பெயரில்தான் நிறுவனம். அதற்கு ஆய்வகம் கிடையாது, விஞ்ஞானிகள் கிடையாது, பகிர்ந்து கொடுக்கப் பெரிய நிதியும் கிடையாது. ஒரு சிறிய அலுவலகமும், பணம் கொடுப்பவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார ஒரு மேசையும் இருந்தன. சுகாதாரத் துறைகள், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், தொண்டு நிறுவனங்கள், மருந்து கம்பெனிகளின் சங்கம் ஆகியவை உறுப்பினர்கள். யாருடைய பெட்டியின் சாவியும் கைமாறவில்லை. அவரவர் பணத்தை அவரவரே கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் மற்றவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொள்வார்கள். கேட்பதற்கு மிகச் சாதுவான ஏற்பாடு. எனக்கும் முதலில் இது கூட்டம் போட்டுத் தேநீர் குடிக்கும் வேலை என்றுதான் தோன்றியது.

ஆனால் அவர்கள் எடுத்த முதல் காரியம் கணக்கு எழுதுவது. மொய் நோட்டு போல.

மொய் எழுதுவது சுலபம்: பெயர், ஊர், தொகை. ஆராய்ச்சியை எழுதுவது சுலபமில்லை. ஒரு நிறுவனம் ‘மரபணு’ என்று தலைப்பிடும் திட்டத்தை இன்னொன்று ‘மார்பகம்’ என்று எழுதும், மூன்றாவது ‘அடிப்படை அறிவியல்’ என்று எழுதும். கூட்டிப் பார்க்க வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே வகைப்பாடு வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் நிதியளிப்போர் சேர்ந்து அப்படி ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். நோயின் உயிரியல், நோய்க்கான காரணம், தடுப்பு, முன்கூட்டியே கண்டறிதல், சிகிச்சை, நோயாளிகளின் வாழ்க்கையும் பராமரிப்பும், ஆய்வுக்கான மாதிரி அமைப்புகள் என்று ஏழு பிரிவுகள். ஒவ்வொரு திட்டத்தையும் படித்து, இது எந்தப் பிரிவு, எந்த உறுப்பின் புற்றுநோய் என்று எண்ணிட வேண்டும். ஆயிரக்கணக்கான திட்டங்கள். பொறுமையைச் சோதிக்கும் குமாஸ்தா வேலைதான்.

அந்த வேலையின் பலன் 2002-இல் அறிக்கையாக வெளிவந்தது. உறுப்பினர்கள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 25 கோடி பவுண்டு செலவிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ 41 சதவீதம் உயிரியலுக்கு. தடுப்புக்கு 2 சதவீதம்.

இரண்டே சதவீதம். இதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்ட் ஹில் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் நாட்டின் மருத்துவர்களுக்கு ஒரு சிறு கேள்வித்தாளை அனுப்பினார்கள்: நீங்கள் புகைபிடிப்பவரா, எவ்வளவு? ஏறத்தாழ 40,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் யார் எதனால் இறக்கிறார்கள் என்று ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. தபால்தலையும் கோப்பும் பொறுமையும்தான். அந்த ஆய்வு காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. அதே நாட்டில் தடுப்புக்கு 2 சதவீதம்!

யாரும் தடுப்பை வெறுத்து ஒதுக்கவில்லை. தடுப்பு ஆராய்ச்சியின் விளைவு தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். விற்பதற்கு மாத்திரை எதுவும் அதிலிருந்து வராது. மக்கள் ஏன் புகையை விட முடியாமல் தவிக்கிறார்கள், வரி கூடினால் எத்தனை பேர் நிறுத்துவார்கள் என்று ஆராய உளவியலாளரும் பொருளாதார அறிஞரும் வேண்டும். அவர்கள் புற்றுநோய் நிதியங்களின் கதவைத் தட்டிப் பழகாதவர்கள். தட்டினாலும் உள்ளே விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வக விஞ்ஞானிகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனமும் நல்ல விண்ணப்பத்துக்குத்தான் பணம் கொடுத்தது. கூட்டிப் பார்த்தபோதுதான் ஒன்பது கடிகாரம் கண்ணுக்குத் தெரிந்தது.

கணக்கு வெளிவந்தபின் பல துறைகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தடுப்பு ஆராய்ச்சிக்கென்று ஒரு கூட்டு நிதியை 2004-இல் தொடங்கின. புகை, உணவு, உடற்பயிற்சி ஆகியவை புற்றுநோய்க்கு மட்டுமல்ல, இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் பொது என்பதால் அந்த நோய்களுக்கான நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. நோய் முற்றியவர்களின் வலி, சோர்வு, மூச்சுத்திணறல் பற்றிய ஆராய்ச்சியும் இதேபோல் தனிக் கவனம் பெற்றது. 2009-இல் கதிர்வீச்சு சிகிச்சைக்கென்று ஒரு குழு அமைந்தது. புற்றுநோயிலிருந்து குணமாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேரின் சிகிச்சையில் கதிர்வீச்சுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மாத்திரை அல்ல. ஆராய்ச்சிக்குப் பின்னால் நின்று பணம் போடும் மருந்து கம்பெனி அதற்கு இல்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும் கவனிக்காவிட்டால் அனாதைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். உயிரியலுக்கு 41 சதவீதம் என்றதும் அது வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்சிஆர்ஐ பிறந்த அதே 2001-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் இருவர், பால் நர்ஸும் டிம் ஹண்டும், இம்பீரியல் நிதியத்தின் விஞ்ஞானிகள். நர்ஸ் ஆராய்ந்தது ஈஸ்ட். ஹண்ட் ஆராய்ந்தது கடல் முள்ளெலியின் முட்டை. செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்று உத்தரவிடும் புரதங்களை அவர்கள் கண்டார்கள். ஈஸ்டில் இருக்கும் அதே வகைச் சாவி மனித செல்லிலும் இருப்பதை நர்ஸின் குழு 1987-இல் காட்டியது. புற்றுநோய் என்பதே செல் கட்டுக்கடங்காமல் பிரிவதுதான். அந்தப் புரதக் குடும்பத்தைத் தடுக்கும் மருந்து ஒன்று மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2015-இல். ஈஸ்ட் வளர்த்தவரிடம் எண்பதுகளில் போய், ‘இதனால் எந்த நோயாளிக்கு என்ன லாபம்?’ என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. கணக்கு நோட்டு எங்கே எவ்வளவு போகிறது என்று காட்டும். எங்கே எவ்வளவு போக வேண்டும் என்பதைக் காட்டாது. அது மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சண்டையிட்டுத் தீர்மானிக்க வேண்டியது.

அடுத்த வேலை, என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய வேலை, மருத்துவமனைகளில் நடந்தது. கிளினிக்கல் டிரயல் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புது சிகிச்சை பழையதைவிட நல்லதா என்று தெரிய வேண்டுமானால் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழையது, மறு பாதிக்குப் புதியது கொடுத்து ஒப்பிட வேண்டும். எத்தனை பேர் வேண்டும்? ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டிப் பாருங்கள். தலை 50 விழ வேண்டும். 45 விழலாம், 55-உம் விழலாம், நாணயத்தில் குற்றமில்லை. பழைய சிகிச்சையில் நூற்றுக்கு 50 பேரும் புதியதில் 55 பேரும் பிழைத்தார்கள் என்றால் அது மருந்தின் குணமா, நாணயத்தின் விளையாட்டா என்று நூறு பேரை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். புற்றுநோய் மருத்துவத்தில் பெரும்பாலான முன்னேற்றம் இப்படி நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு மூன்று என்று சிறு படிகளாகத்தான் வந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையால் தனியாக எதையும் நிரூபிக்க முடியாது. அரிய வகைப் புற்றுநோய் என்றால் ஒரு நாடே போதாது.

2001-க்கு முன் பிரிட்டனில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இப்படிப்பட்ட ஆய்வுகளில் சேர்ந்தார்கள். நோயாளிகள் மறுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர், ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். அதற்குள் புற்றுநோய் என்ற செய்தியைச் சொல்லி, ஆய்வை விளக்கி, பன்னிரண்டு பக்கப் படிவத்தில் ஒப்புதல் வாங்கி, ரத்த மாதிரி எடுத்து அனுப்பி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தகவல் எழுத வேண்டும். யாரால் முடியும்?

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு மிகச் சாதாரணமானது: ஆராய்ச்சி நர்ஸ். அரசுப் பணத்தில் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி வலையமைப்பு என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, மருத்துவமனைகளில் இந்த வேலைக்கென்றே நர்ஸ்களையும் தரவு எழுதும் பணியாளர்களையும் அமர்த்தினார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல, பிறகு தொலைபேசியில் கேட்க ஓர் ஆள் இருந்தார். மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவது இலக்கு. அதை அவர்கள் தாண்டினார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, புது ஆய்வகம் கட்டப்படவில்லை. ஆள் போட்டார்கள், வேலை நடந்தது. பின்னாளில் இதே மாதிரி மற்ற நோய்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

எந்தக் கேள்வியை ஆராய்வது என்று முடிவெடுக்க உறுப்புவாரியாகக் குழுக்கள் இருந்தன: நுரையீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், புள்ளியியலாளர் ஆகியோருடன் நோயாளிகளும் அவற்றில் உறுப்பினர்கள். சம்பிரதாயத்துக்கு உட்கார வைக்கப்பட்டவர்கள் அல்லர். வாரம் இரண்டு முறை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் சொன்னால், அறுபது கிலோமீட்டரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் எப்படி வருவார் என்று கேட்க அந்த அறையில் அவர்களைத் தவிர யாருக்குத் தோன்றும்?

இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒன்றுகூடினால் என்ன சாத்தியம் என்பதற்கு ஸ்டாம்பீட் என்ற ஆய்வைச் சொல்லலாம். பரவிய அல்லது பரவக்கூடிய புராஸ்டேட் புற்றுநோய்க்கானது, 2005-இல் தொடங்கியது. வழக்கமாக ஒரு ஆய்வு ஒரு மருந்தைச் சோதிக்கும். முடிந்ததும் அடுத்ததற்கு மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்டாம்பீடில் பழைய சிகிச்சை பெறும் ஒரே குழுவோடு பல புது சிகிச்சைகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டார்கள். நடுவில் கணக்குப் பார்த்து, பலன் தராதது போலத் தெரிந்ததை நிறுத்தினார்கள். புதிதாக வந்த மருந்தை ஓடும் ஆய்விலேயே சேர்த்தார்கள். ஓடுகிற ரயிலில் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுவது போன்ற காரியம். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள், ஏறத்தாழ 12,000 ஆண்கள். டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து அதுவரை நோய் முற்றியபின் கொடுக்கப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்தால் நோயாளிகளின் இடைநிலை வாழ்காலம் (அதாவது பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம்) 71 மாதத்திலிருந்து 81 மாதமாகிறது என்று இந்த ஆய்வு காட்டியது. எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஒன்று ஆயுளைக் கூட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாவது செய்தி யாருக்கும் கொண்டாட்டமாக இருக்காது. ஆனால் பயனில்லாத ஊசியிலிருந்து தப்பியவர்கள் அதற்குக் கடன்பட்டவர்கள். அந்த ஆய்வுக்கான பணம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை: தொண்டு நிறுவனமும், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், மருந்து கம்பெனிகளும் ஆளுக்கொரு பங்கு.

இதற்கிடையே, 2002 பிப்ரவரியில், இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களும் இணைந்து கேன்சர் ரிசர்ச் யூகே ஆயின. ஒரே உயிலுக்கும் ஒரே நன்கொடையாளருக்கும் போட்டியிட்டவை ஒரே பெட்டியாயின. இதனால் செலவு மிச்சம் என்பது உண்மை. மேசையின் வடிவம் மாறிவிட்டது என்பதும் உண்மை. உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மற்றத் தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் விடப் பல மடங்கு பெரியவர் என்றால், பேச்சுவார்த்தை என்பது எவ்வளவு தூரம் பேச்சுவார்த்தை?

என்சிஆர்ஐயின் பலவீனமும் இங்கேதான் இருந்தது. அதற்கு அதிகாரம் இல்லை. எடுத்துச் சொல்லலாம், கெஞ்சலாம். எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிரிட்டனில் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கிறார். ஆனாலும் அந்த நோய்க்கான ஆராய்ச்சிப் பணம் மார்பகத்துக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் கிடைத்ததைவிட மிகக் குறைவாகவே பல ஆண்டுகள் இருந்தது என்பதை வருடா வருடம் அதன் கணக்கே காட்டிக்கொண்டிருந்தது. புகைத்தவர்களின் நோய் என்ற மனப்பான்மை ஒரு காரணம். நன்கொடை கேட்டு ஓடுவதற்குப் பிழைத்தவர்கள் குறைவு என்பது இன்னொன்று. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. கணக்கு தெரிந்தும் நிலைமை மெதுவாகத்தான் மாறியது.

அலுவலகச் செலவை உறுப்பினர்களின் சந்தாதான் தாங்கியது. கொரோனா காலத்தில் கடைகள் மூடின, ஓட்டங்கள் நின்றன, தொண்டு நிறுவனங்களின் வருமானம் சரிந்தது. 2023 ஜூனில், பொருளாதாரச் சூழலும் ஆராய்ச்சிச் சூழலும் நிச்சயமற்றுப் போனதைக் காரணம் காட்டி, நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். புற்றுநோய் மருத்துவர்கள் பலர் அதிர்ந்தார்கள். உறுப்புவாரிக் குழுக்களின் வேலையை இனி யார் பார்ப்பது என்று கேட்டார்கள். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய அலுவலகங்கள்தான். மூடினால் மறுநாள் எந்த நோயாளிக்கும் மருந்து நிற்காது. விளைவு தெரிய வருடங்கள் ஆகும், அப்போதும் அதை இதோடு முடிச்சுப் போட யாராலும் முடியாது.

நோட்டு எழுதும் முறை மட்டும் தங்கிவிட்டது. புற்றுநோய்க்கென்று உருவான அந்த வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டு எல்லா நோய்களின் ஆராய்ச்சிக்கும் பொதுவான ஒரு வகைப்பாடு பிரிட்டனில் தயாரானது. அதை வைத்து நாட்டின் பெரிய அரசு, தொண்டு நிதியளிப்போரின் மருத்துவ ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். அதிலும் தடுப்புக்கான பங்கு 2.5 சதவீதம்தான்.